வினைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

'ஐ ட்ரிங்க் ஆல்வேஸ் டீ.' 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்.' 'ஐ லைக் வெரி மச் மரச்சீனி.' 'ஹி ஆல்வேஸ் இஸ் லேட்.' நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறவர்களின் நோட்டுகளில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுதுகிறவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள். பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போவதற்காக ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்று ஏதோ ஒன்றை எழுதித் தேற வேண்டியவர்கள். இந்த வாக்கியங்களில் எழுத்துப் பிழை இல்லை, காலப் பிழை இல்லை. ஒரே ஒரு சொல் தன் இடத்தில் இல்லை. அந்தச் சொல் வினையடை.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' எல்லாம் வினைக்கு முன்னால். ஆனால் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' வந்தால் பின்னால். துணைவினை வந்தால் அதற்கும் வினைக்கும் நடுவில். 'வெல்', 'ஸ்லோலி' போன்றவை கடைசியில். நேரம் எல்லாவற்றுக்கும் கடைசியில். பட்டியலில் பொய் ஏதும் இல்லை. காரணம் சொல்லாமல் மனப்பாடம் செய்யவைத்தால் அவசரத்தில் எழுதும்போது அது கைகொடுப்பதில்லை என்பதுதான் குறை. இந்தப் பட்டியல் முழுவதற்கும் அடியில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. வினைக்கு எந்தச் சொல் எவ்வளவு நெருக்கம் என்பது முதலாவது. ஆங்கில வினைகளில் எது இடம்பெயரும், எது இருந்த இடத்திலேயே நிற்கும் என்பது இரண்டாவது. முதலாவதைத் தமிழ் பேசும் குழந்தை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அறிந்துவிடுகிறது. அதை யாரும் அந்தக் குழந்தைக்கு எடுத்துக்காட்டுவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். அடைகள் எல்லாம் அதற்கு முன்னால். நம் பக்கத்து வீடுகளில் பிள்ளையிடம் 'பைய வா மக்களே' என்பார்கள். அவசரம் என்றால் 'வேகம் வாலே'. 'பைய', 'வேகம்' இரண்டும் வினையை ஒட்டி அதற்கு முன்னால் நிற்கின்றன. இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கும் அதே ஊர்தான் என்று இங்குள்ளவர்கள் உரிமையோடு சொல்வார்கள். அந்த நூலின் உரியியல் மிகுதிப் பொருள் தருவனவாகக் காட்டும் உறு, தவ, நனி ஆகிய மூன்றும் தாம் சிறப்பிக்கும் சொல்லுக்கு முன்னால் வருபவை. இன்று அந்த இடத்தில் 'ரொம்ப' நிற்கிறது. சொல் மாறிவிட்டது, பக்கம் மாறவில்லை.

ஆங்கிலத்தில் வினை எழுவாய்க்கு அடுத்து வந்துவிடுகிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் போகின்றன. எப்படிப் போகின்றன என்பதைத் தோவாளைப் பூச்சந்தையை வைத்துப் பார்ப்போம். 'அவள் நேற்று சந்தையில் வேகமாகப் பூ கட்டினாள்.' இது எந்தத் தமிழருக்கும் இயல்பான வரிசை. இதே செய்தி ஆங்கிலத்தில்: 'ஷி ஸ்ட்ரங் ஃப்ளவர்ஸ் குவிக்லி அட் த மார்க்கெட் யெஸ்டர்டே.' எழுவாயை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நேற்று, சந்தையில், வேகமாக, பூ, கட்டினாள். ஆங்கிலத்தில் கட்டினாள், பூ, வேகமாக, சந்தையில், நேற்று. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றது தெரிகிறது.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டு மொழிகளிலும் வினைக்கு மிக அருகில் இருப்பது பூ. அதற்கு அடுத்து எப்படி என்பது, பிறகு எங்கே, கடைசியாக எப்போது. தொலைவுகள் அப்படியே இருக்கின்றன, திசைதான் வேறு. 'முறை, இடம், காலம்' என்று ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் சொல்லும் விதி, தமிழின் 'காலம், இடம், முறை' என்ற பழக்கத்தைத் திருப்பிப் படிப்பதுதான். விதிவிலக்கு என்று புத்தகங்கள் ஒதுக்கிவைப்பதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. போதல், வருதல் போன்ற வினைகளில் போகிற ஊர் முதலில் வரும் என்பார்கள்: 'ஹி வெண்ட் டு குளச்சல் பை பஸ் யெஸ்டர்டே.' தமிழில் நாம் எப்படிச் சொல்கிறோம்? 'நேற்று பஸ்ஸில் குளச்சலுக்குப் போனான்.' போகும் ஊர் போதலோடு ஒட்டிக்கொள்வது இங்கேயும் அப்படித்தான்.

இப்போது முதலில் சொன்ன பிழைகளைத் திரும்பப் பாருங்கள். 'நல்லா இங்கிலீஷ் பேசுவா' என்ற தமிழ் வாக்கியத்தில் 'பேசுவா' மட்டும் முன்னால் இழுக்கப்பட்டிருக்கிறது. 'நல்லா இங்கிலீஷ்' தமிழ் வரிசையிலேயே கிடக்கிறது. விளைவு, 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்'. 'எப்பவும் டீ குடிப்பேன்' என்பது 'ட்ரிங்க் ஆல்வேஸ் டீ' ஆனதும், 'ரொம்ப மரச்சீனி பிடிக்கும்' என்பது 'லைக் வெரி மச் மரச்சீனி' ஆனதும் இதே வழியில்தான். மாணவர் வினையை மட்டும் நகர்த்திவிட்டு மீதியைத் திருப்ப மறந்துவிடுகிறார். அது கவனக்குறைவு இல்லை, பாதி வேலை முடிந்த நிலை. அப்படி எடுத்துச் சொன்னால் மாணவர் தானே மீதியைச் செய்துவிடுவார்.

பூ ஏன் வினையை விட்டுப் பிரியக்கூடாது? தமிழில் பிரியலாமே: 'பூவை அவள் நேற்று வேகமாகக் கட்டினாள்.' நம்மிடம் 'ஐ' உருபு இருக்கிறது. செயப்படுபொருள் எங்கே போனாலும் அந்த உருபு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்கள் இன்றைவிடத் தாராளமாக இடம்மாறின. காலப்போக்கில் அந்த விகுதிகள் உதிர்ந்துபோயின. இன்று 'ஹிம்', 'தெம்' போன்ற சில பதிலிப் பெயர்களிலும் 'ஜான்ஸ்' என்பதில் வரும் உடைமை விகுதியிலும் மட்டும் அதன் மிச்சம் தெரிகிறது. உருபு போன பிறகு எது செயப்படுபொருள் என்பதற்கு வினையை ஒட்டி நிற்பதே அடையாளமாகிவிட்டது. அந்த இடைவெளியில் ஆங்கிலம் அடையை அனுமதிக்காததற்கு இது பெரிய காரணம். அதனால் 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்', 'ஐ லைக் மரச்சீனி வெரி மச்'.

செயப்படுபொருள் மிக நீளமாக இருந்தால் மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் தளர்ந்துகொடுக்கும். 'த நர்ஸ் நோட்டட் கேர்ஃபுல்லி ஆல் த மெடிசின்ஸ் தட் த பேஷன்ட் ஹேட் டேக்கன் அட் ஹோம்' என்பது சரியான வாக்கியம். 'கேர்ஃபுல்லி'யைக் கடைசிக்குத் தள்ளினால் அது வீட்டில் மருந்து சாப்பிட்டதோடு ஒட்டிக்கொள்ளும்.

இனி இரண்டாவது காரணம். 'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'நெவர்', 'ப்ராபப்லி' போன்றவை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வருபவை. இவற்றில் தமிழருக்குப் பாதி இயல்பாகவே சரியாக வரும். 'அவன் எப்பவும் பிந்தி வருவான்', 'ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்': இரண்டிலும் எழுவாய்க்கு அடுத்து அந்தச் சொல். தடுமாற்றம் 'இஸ்' வரும்போதுதான். 'அவன் எப்பவும் லேட்' என்ற தமிழில் 'இஸ்' என்பதற்கு நிகரான சொல்லே இல்லை. இல்லாத ஒன்றை எங்கே செருகுவது என்று தெரியாமல் 'ஹி ஆல்வேஸ் இஸ் லேட்' என்று எழுதிவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல் எழுவாயைத் தாண்டி முன்னால் ஓடுகிறதோ, அதற்குப் பின்னால் அடை வரும். எதுவும் ஓடாவிட்டால் வினைக்கு முன்னால் வரும். 'ஹி இஸ் லேட்' கேள்வியானால் 'இஸ் ஹி லேட்?' இங்கே 'இஸ்' ஓடுகிறது. ஆகவே 'ஹி இஸ் ஆல்வேஸ் லேட்'. 'ஹி கம்ஸ் லேட்' கேள்வியானால் 'டஸ் ஹி கம் லேட்?' இங்கே 'கம்' அசையவில்லை, கேள்விக்காக வெளியிலிருந்து 'டஸ்' வரவேண்டியிருக்கிறது. ஆகவே 'ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்'. துணைவினைகள் அடுக்கி வந்தாலும் கணக்கு பிசகாது. 'ஷி ஹேஸ் பீன் வொர்க்கிங் இன் நெய்யூர்' என்பதில் 'ஹேஸ்' மட்டும் ஓடும், 'பீன்' ஓடாது; ஆகவே 'ஷி ஹேஸ் ஆல்வேஸ் பீன் வொர்க்கிங் இன் நெய்யூர்'. முட்டத்திலிருந்து போன வள்ளத்தைப் பற்றிச் சொல்வதானால் 'த போட் வில் ப்ராபப்லி ரிட்டர்ன் பை ஈவ்னிங்'.

இந்தச் சோதனை ஏன் வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. பழைய ஆங்கிலத்தில் எல்லா வினைகளும் முன்னால் ஓடின. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட 'ஐ நோ நாட்' என்று சொல்ல முடிந்தது. 'நாட்' என்பதைத் தாண்டி வினை முன்னால் வந்து நின்றது. கேள்விக்கும் 'நோ யூ?' என்று வினையையே முன்னால் கொண்டுவரலாம். 15ஆம் நூற்றாண்டிலிருந்து 'டூ' என்ற துணைவினை மெல்ல மெல்ல அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சாதாரண வினைகள் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டன. 'இஸ்', 'ஹேஸ்', 'வில்', 'கேன்' போன்ற சிலவற்றுக்கு மட்டும் இன்றும் அந்தப் பழைய ஓட்டம் மிஞ்சியிருக்கிறது. பிரெஞ்சு மொழியில் எல்லா வினைகளும் இன்னும் ஓடுகின்றன. 'ஜான் மேரியை அடிக்கடி முத்தமிடுகிறான்' என்பதைப் பிரெஞ்சுக்காரர் 'முத்தமிடுகிறான் அடிக்கடி மேரியை' என்ற வரிசையில்தான் சொல்வார்; ஆங்கிலத்தில் பிழையாகும் வரிசை அங்கே சரியான வரிசை. மொழியியலாளர்களான ஜோசப் எமண்ட்ஸ் 1978இலும் ழான் ஈவ் பொலாக் 1989இலும் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து ஒரு விளக்கத்துக்கு வந்தார்கள்: இரண்டு மொழிகளிலும் அடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது, பிரெஞ்சில் வினை அதைத் தாண்டி முன்னே போகிறது, ஆங்கிலத்தில் போவதில்லை.

ஆக, 'இஸ் ஆல்வேஸ்' என்றும் 'ஆல்வேஸ் கம்ஸ்' என்றும் இரண்டு விதிகள் கிடையாது. 'ஆல்வேஸ்' நகரவே இல்லை. ஒரு வாக்கியத்தில் 'இஸ்' அதைத் தாண்டிப் போயிருக்கிறது, மற்றதில் 'கம்ஸ்' தாண்டாமல் நின்றிருக்கிறது. பட்டியலில் இரண்டு வரியாக இருந்தவை ஒரே செய்தியாகிவிட்டன.

நடுவிடத்தைப் பற்றி ஆங்கிலேயர்களிடமே ஒரு பயம் இருந்தது. 'டு கோ', 'டு கம்' போன்றவற்றில் வரும் 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் அடையை வைக்கக்கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் சிலர் வலியுறுத்தத் தொடங்கினார்கள். 1864இல் இங்கிலாந்து மதகுரு ஹென்றி ஆல்ஃபர்ட் அப்படி எழுதியது பெயர்பெற்றது. பேசுகிறவர்கள் அதற்குக் கட்டுப்படவில்லை, மொழியின் இயல்பும் அது இல்லை. ஆனால் அந்தப் பயம் துணைவினைக்கும் வினைக்கும் நடுவில்கூட எதுவும் வரக்கூடாது என்கிற அளவுக்குச் சிலரிடம் பரவியது. 2009 ஜனவரி 20 அன்று பராக் ஒபாமா பதவியேற்றபோது உறுதிமொழியைச் சொல்லிக்கொடுத்தவர் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பது 'ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்' என்ற வரிசை. ராபர்ட்ஸ் 'ஃபெய்த்ஃபுல்லி'யை அங்கிருந்து எடுத்து வாக்கியத்தின் கடைசியில் வைத்துச் சொன்னார். ஒபாமா தயங்கினார், இருவரும் தடுமாறினார்கள். யாரும் பின்னால் கேள்வி எழுப்பிவிடக்கூடாது என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழி சரியான வரிசையில் மறுபடியும் எடுக்கப்பட்டது. துணைவினையையும் வினையையும் பிரிக்கக்கூடாது என்ற பழக்கமே ராபர்ட்ஸின் நாக்கில் அந்தச் சொல்லை நகர்த்தியது என்று மொழி ஆராயும் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். 'வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்' என்பதுதான் இயல்பான ஆங்கிலம். நம் மாணவர்கள் நடுவிடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பது நர்சுகளுக்கு வெறும் இலக்கணச் செய்தி இல்லை. 'த பேஷன்ட் நார்மலி வாக்ஸ்' என்றால் நோயாளி வழக்கமாக நடப்பவர், சக்கர நாற்காலி தேவைப்படாதவர். 'த பேஷன்ட் வாக்ஸ் நார்மலி' என்றால் அவர் நடையில் கோளாறு இல்லை. முதல் வாக்கியத்துக்குரிய நோயாளி தடி ஊன்றி நொண்டி நடப்பவராகவும் இருக்கலாம். ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தவரிடம் வார்டை ஒப்படைக்கும்போது இந்த இரண்டும் ஒன்றாகிவிடக்கூடாது. நடுவில் நின்றால் அந்தச் சொல் நடந்தது முழுவதையும் பற்றிப் பேசுகிறது. கடைசியில் நின்றால் நடந்த விதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. 'ஷி ஃபூலிஷ்லி ஆன்ஸர்ட் த கொஸ்டின்' என்றால் பதில் சொன்னதே முட்டாள்தனம், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதே சொல் கடைசிக்குப் போனால், சொன்ன பதில் முட்டாள்தனமானது. தமிழில் இந்த வேறுபாட்டை 'சொன்னதே' என்ற ஏகாரத்தாலோ வாக்கியத்தையே மாற்றியோ காட்டுகிறோம். ஆங்கிலத்துக்கு அந்த ஏகாரம் இல்லை. இடம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

'நாட்' வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 'ஐ டோன்ட் ரியலி நோ' என்றால் அவ்வளவாகத் தெரியாது. 'ஐ ரியலி டோன்ட் நோ' என்றால் சத்தியமாகத் தெரியாது. பொதுவாக எந்தச் சொல் முன்னால் நிற்கிறதோ, அதன் ஆட்சி பின்னால் வருவதன்மீது செல்கிறது. முதல் வாக்கியத்தில் 'நாட்' 'ரியலி'யை மறுக்கிறது. இரண்டாவதில் 'ரியலி' மறுப்பையே அழுத்துகிறது. 'ப்ராபப்லி' மறுப்புக்குள் அகப்பட விரும்பாத சொல். அதனால் 'ஷி ப்ராபப்லி வோன்ட் கம்' என்பார்கள், 'வோன்ட் ப்ராபப்லி' என்பது காதுக்கு ஒட்டாது. 'ஸ்டில்' அப்படியே: 'த ரிப்போர்ட் ஸ்டில் ஹேஸன்ட் கம்'. அதே செய்திக்கு 'யெட்' என்றால் கடைசியில்: 'த ரிப்போர்ட் ஹேஸன்ட் கம் யெட்'.

'ஒன்லி' பற்றி ஒரு வார்த்தை. 'மார்த்தாண்டத்திலிருந்துதான் வாறேன்' என்று நாம் அழுத்தம் தரும் சொல்லிலேயே 'தான்' சேர்த்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் மார்த்தாண்டம் ஒன்லி' என்று வருகிறது. இந்தியாவுக்குள் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வெளிநாட்டில் கேட்பவர் வேறு எங்கிருந்தும் இல்லை, மார்த்தாண்டத்திலிருந்து மட்டும் என்று எடுத்துக்கொள்வார். அங்கே பெரும்பாலும் குரலின் அழுத்தமே 'தான்' செய்கிற வேலையைச் செய்யும். ஊர்ப் பெயரை அழுத்திச் சொன்னால் போதும்.

வகுப்பில் இதைக் கொண்டுபோவதற்கு நான் பயன்படுத்துகிற வழி எளியது. மாணவர் தன் வேலையிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுத வேண்டும். 'இன்று காலையில் வார்டில் கவனமாகக் கட்டு மாற்றினேன்.' வினையிலிருந்து பின்னோக்கி எண் போட வேண்டும்: மாற்றினேன் 1, கட்டு 2, கவனமாக 3, வார்டில் 4, இன்று காலையில் 5. பிறகு 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் ஆங்கிலம் எழுத வேண்டும்: 'ஐ சேஞ்ஜ்ட் த டிரெஸ்ஸிங் கேர்ஃபுல்லி இன் த வார்ட் திஸ் மார்னிங்.' 'எப்பவும்', 'வழக்கமா' போன்றவை வந்தால் அவற்றுக்கு எண் கிடையாது. கேள்விச் சோதனை வைத்து நடுவில் வைக்க வேண்டும். எழுதுகிற கை பழகிய பிறகு எண்ணும் வேண்டாம், தமிழ் வரியும் வேண்டாம்.

மேலே பார்த்த 'நாட்' வரும் வாக்கியங்களைத் தவிர இன்னொரு இடத்திலும் கேள்விச் சோதனை கைவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். பதில் சுருக்கமாக முடியும்போது அடை துணைவினைக்கு முன்னால் போய்விடும். பேச்சிப்பாறை அணையைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் 'நோ, ஐ நெவர் ஹேவ்' என்பதுதான் சரி. 'ஐ ஹேவ் நெவர்' என்று யாரும் நிறுத்த மாட்டார்கள். மீதி வினை சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கிறது. அடைக்கு வலப்பக்கம் சாய எதுவும் இல்லை, அது தனியாகத் தொங்கும் நிலை வரக்கூடாது. அதனால் அழுத்தம் பெற்ற துணைவினை கடைசிக்கு வருகிறது, அடை அதற்கு முன்னால். நேர்முகத் தேர்வில் 'ஆர் யூ கம்ஃபர்டபிள் வித் நைட் ஷிஃப்ட்ஸ்?' என்று கேட்கும்போது 'ஐ ஆல்வேஸ் ஹேவ் பீன்' என்று பதில் சொல்லும் நர்ஸ் பட்டியலில் இருக்கும் விதியை மீறுகிறார், ஆனால் ஆங்கிலத்தை மீறவில்லை.